பன்னிரண்டாவது கொடி

எர்மான்ஸ் பெர்ரஷோன் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூட இடுப்பில் கத்தரியைச் செருகிக்கொண்டுதான் வருவார். பூசை முடிந்து மற்ற பெண்கள் கோயில் வாசலில் நின்று பேசும்போது, கல்லறைத் தோட்டத்துச் சுவரில் படர்ந்த திராட்சைக் கொடியில் காய்ந்த நுனி ஒன்று கண்ணில் பட்டால் போதும், பேச்சுக்கு நடுவிலேயே எட்டி நறுக்கிவிடுவார்.

"அது சாமியாரோட கொடி, எர்மான்ஸ்" என்று யாராவது சொன்னால், "அவருக்குத் தன் தலைமுடியையே வெட்டிக்கத் தெரியல. கொடியை எங்க வெட்டப் போறாரு?" என்பார்.

நல்ல உயரம். நாற்பத்தாறு வயதிலும் முதுகு வளையாமல் நடப்பார். வலது கைக் கட்டைவிரல் மட்டும் கத்தரி பிடித்துப் பிடித்து வெளிப்பக்கமாகத் திரும்பியிருக்கும். நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குப் பதினாறு வயது. கத்தரித்துவிட்ட கொடியை வில்லாக வளைத்து, ஊறவைத்த மிலாறால், அதாவது வில்லோ மரத்து இளங்குச்சியால், கம்பியோடு சேர்த்துக் கட்டும் வேலை. எங்கள் வெர்நோல் ஊரில் வெட்டுவது ஆண்கள், கட்டுவது பெண்கள். புருஷன் குளோடியஸ் இறந்த பிறகு எர்மான்ஸ் வெட்டவும் செய்தார். ஊர் இரண்டு வாரம் பேசியது. பிறகு அவர் வெட்டிய கொடிகளைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டது.

அவருக்கு இருந்தது ஒரே நிலம். ஓநாய்ப்பாறை என்று சொல்லும் மேட்டுச் சரிவில் எட்டு ஆள்நாள். ஓர் ஆள் ஒரு நாளில் கொத்தி முடிக்கும் அளவைத்தான் நாங்கள் ஆள்நாள் என்போம். குளோடியஸ் குத்தகைக்கு வைத்திருந்த கீழ் நிலங்கள் அவரோடு போய்விட்டன. மிச்சம் இந்த எட்டுதான், ஏறக்குறைய மூவாயிரம் கொடி. எல்லாம் ஷார்தொனே என்னும் வெள்ளைத் திராட்சை.

ஓநாய்ப்பாறையை ஒட்டி, அதே சரிவில், ஒனெஸிம் துபோஸின் நிலம். இரண்டுக்கும் நடுவில் வேலி கிடையாது. கீழே ஒரு எல்லைக்கல், மேலே ஒரு எல்லைக்கல். இரண்டையும் சேர்த்து மனத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அந்த மேல் கல்லைப் பற்றி எர்மான்ஸ் என்னிடம் சொன்னது முதல் நாளே. 1916-ஆம் வருடம் குளோடியஸ் போர்முனையில் இருந்தார். காலில் ஊனம் இருந்ததால் ஒனெஸிமைப் படைக்கு எடுக்கவில்லை. ஒரு நாள் காலை எர்மான்ஸ் தனியாக மேலே ஏறிப் போனபோது, வடக்கே பார்த்திருந்த கல்லின் பாசி பிடித்த பக்கம் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தது. கல் இவர் பக்கமாக இரண்டடி உள்ளே வந்திருந்தது. ஓடிப்போய் மேயரிடம் சொன்னார். அங்கே உட்கார்ந்திருந்த ஒனெஸிம் எல்லோர் முன்னாலும் சிரித்தாராம். "பாவம், புருஷன் பக்கத்துல இல்ல. கல்லுகூடத் தன்னைப் பார்த்து மூஞ்சியைத் திருப்பிக்கிற மாதிரி தெரியுது அவளுக்கு."

"தோண்டினாத் தெரிஞ்சிடும், பொண்ணே" என்றார் எர்மான்ஸ் என்னிடம். "அளவைக்காரங்க கல்லு நடும்போது அடியில ஓட்டுத்துண்டை உடைச்சுப் புதைப்பாங்க. அதுக்குப் பேரே சாட்சி. கல்லை நகர்த்துறவன் சாட்சியை நகர்த்த மாட்டான், அது இருக்கிறதே அவனுக்குத் தெரியாது. ஆனா தோண்டணும்னா ரெண்டு பேரும் சம்மதிக்கணும். இல்லன்னா கோர்ட்டுக்குப் போகணும். இருபது வருஷமாக் கேட்கிறேன். அந்த ஆள் சம்மதிப்பானா?"

குளோடியஸ் போரிலிருந்து திரும்பி வந்து கல்லைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பழைய எல்லையை ஒட்டி ஓடிய கடைசி வரிசையில் மேல் நுனிக் கொடி பட்டுப்போயிருந்தது. நகர்ந்த கல்லின்படி அந்த இடம் ஒனெஸிம் பக்கம்; ஆனாலும் அதே இடத்தில் புதிதாக ஒன்றை நட்டார். ஒனெஸிமும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு கொடியைப் பற்றி வாயைத் திறந்தால் கல்லைப் பற்றியும் திறக்க வேண்டிவரும். அதற்குப் பிறகு இருவரும் ஒன்றாகச் சீட்டு ஆடினார்கள், ஒன்றாகக் குடித்தார்கள். ஆண்களுக்கு அது முடிகிறது. எர்மான்ஸ் மட்டும் ஒவ்வொரு முறை மேலே போகும்போதும் அந்தக் கல்லை ஒரு பார்வை பார்ப்பார்.

1937-ஆம் வருடம்தான் எங்கள் ஊருக்குக் கோடு போட வந்தார்கள்.

அதுவரை யார் வேண்டுமானாலும் பீப்பாயில் வெர்நோல் என்று எழுதலாம். ரயிலில் எங்கிருந்தோ வந்த ஒயின்கூட எங்கள் ஊர்ப் பெயரில் விற்றது. இனி அப்படி இல்லை என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. மூன்று நிபுணர்கள் நிலம் நிலமாக நடந்து பார்த்து வரைபடத்தில் கோடு போடுவார்கள். கோட்டுக்குள் விளைந்த ஒயின் புட்டி லேபிளில் ஊர்ப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். கோட்டுக்கு வெளியே விளைந்தது வெறும் வெள்ளை ஒயின், நகரத்துக் கடைகளில் செம்பில் ஊற்றி விற்பது. எட்டு ஆள்நாள் மட்டுமே வைத்திருக்கும் ஒரு விதவை வெறும் வெள்ளை ஒயினை வைத்துக்கொண்டு உயிர் வாழ முடியாது. நிலத்தை விற்றுவிட்டு மாக்கோன் நகரில் யார் வீட்டிலாவது துணி துவைக்கப் போகவேண்டியதுதான். வாங்குவதற்கு ஆளும் தயார். குளோடியஸைப் புதைத்த வாரமே ஒனெஸிம் விலை கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

மண்ணைப் பற்றி எர்மான்ஸுக்குப் பயம் இல்லை. ஓநாய்ப்பாறைச் சுண்ணாம்பு மண்ணைப் பார்க்கிற எவனும் வெளியே தள்ள மாட்டான். பயம் வேறு.

நோவா என்று ஒரு கொடி உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்தது. மருந்து கேட்காது, நோய் வராது, கூடை கூடையாகக் காய்க்கும். அதன் ஒயினில் நரி மூத்திர வாடை அடிக்கும். குடித்தால் பைத்தியம் பிடிக்கும் என்று சொல்லி அரசாங்கம் இரண்டு வருடத்துக்கு முன் தடை செய்திருந்தது. "எங்க ஊர்ல குடிக்காதவனும் பைத்தியம்தானே, அதுக்கு எதைத் தடை பண்ணுவாங்க?" என்று ரொட்டிக்கடைக்காரர் கேட்டார். தடை வந்தாலும் வீட்டுக் குடிக்கென்று எல்லோருமே நாலு நோவாவை நல்ல கொடிகளுக்கு நடுவில் ஒளித்து வைத்திருந்தார்கள். பிப்ரவரியில் மேயர் அலுவலகத்தில் ஒரு தாள் வைத்தார்கள். 'என் நிலத்தில் தடை செய்யப்பட்ட கொடி எதுவும் இல்லை.' ஊரே வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டது. எர்மான்ஸும் போட்டார். கையெழுத்து பொய் என்று தெரிந்தால் அந்த நிலம் கோட்டுக்கு வெளியே.

குளோடியஸ் நோவா நட்டிருந்தார். ஒனெஸிமும் அவரும் ஒரே கன்றுக் கட்டிலிருந்து பிரித்து ஆளுக்குப் பாதி நட்டவர்கள். எத்தனை என்பது ஊருக்கே தெரியும், ஏனென்றால் குளோடியஸ் போதை ஏறினால் "என் பன்னிரண்டு அப்போஸ்தலர்கள்" என்று மார் தட்டுவார். எங்கே என்பதுதான் யாருக்கும் தெரியாது. செத்துப்போன கொடிகளின் இடத்தில், மூவாயிரத்துக்கு நடுவே, அங்கொன்று இங்கொன்றாக நட்டிருந்தார். அறுவடையில் அவற்றைப் பறிக்க மட்டும் தன் கூடையோடு தனியாகப் போவார். தானே வெட்டுவார்.

"மே கடைசியிலதானே வர்றாங்க. அதுக்குள்ள இலை விட்டுடும். இலையைப் பார்த்துப் பிடுங்கிடலாம்" என்றார் எர்மான்ஸ். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி மேயர் அலுவலகக் கதவில் புதிய தாள் ஒட்டியிருந்தது. நிபுணர்கள் இருபத்தொன்றாம் தேதி காலை வருகிறார்கள்.

அந்த வருடம் குளிர் விடவே இல்லை. கொடிகளில் மொட்டு இன்னும் கண் திறக்கவில்லை. மூவாயிரம் கொடியும் ஒரே மாதிரி கறுத்த கட்டைகளாக நின்றன. எர்மான்ஸ் தாளைப் படித்து முடித்தார். என் பக்கம் திரும்பி, "மிலாறு ஊற வச்சிருக்கியா?" என்று மட்டும் கேட்டார். கட்டப் போகிற மாதிரித்தான் இருவரும் மேலே ஏறினோம்.

முதல் வரிசைத் தலைப்பில் நின்று அவர் யோசித்தார்.

"எங்க வீட்டு மனுஷன் ஒண்ணு சொல்லுவாரு. நோவா பேராசைக்காரன், கணுவுக்குக் கணு கை நீட்டுவான்னு. எதுக்குச் சொன்னாரு?"

முந்தின வாரம் கட்டிய ஒரு கொடியை மனத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பியைப் பிடித்து ஏறுவதற்குக் கொடி விடும் சுருள்களைக் கத்தரிக்கும்போது நறுக்கிவிடுவோம். அவற்றின் தழும்பு மட்டும் இருக்கும். நல்ல கொடியில் இரண்டு கணுவில் தழும்பு, மூன்றாவது கணு வெறுமை, மறுபடி இரண்டு. அந்த ஒன்றில் மட்டும் எல்லாக் கணுவிலும் தழும்பு இருந்தது. கட்டும்போது விரலில் உரசியது.

"ஏழாவது வரிசையில ஒண்ணு அப்படி இருக்கு" என்றேன்.

எர்மான்ஸ் என்னைப் பார்த்தார். "அப்பவே சொல்றதுக்கு என்னடி?"

ஏழாவது வரிசைக்குப் போனோம். அவர் மண்டியிட்டு அடி மண்ணைக் கிளறினார். நல்ல கொடி என்றால் மண் மட்டத்தில் ஒட்டுக்கட்டிய இடம் முழங்கால் முட்டிபோல் வீங்கியிருக்கும். நோவாவுக்கு ஒட்டு தேவையில்லை. இங்கே வீக்கம் இல்லை. வேர் வரை ஒரே வழுவழுப்பு.

"முதல் அப்போஸ்தலன்" என்றார் எர்மான்ஸ். பிடுங்கினார்.

அன்றிலிருந்து எட்டு நாள். ஆளுக்கு ஒரு வரிசை. கொடி கொடியாக விரலால் தடவிக்கொண்டு போவோம். தழும்பு, தழும்பு, வெறுமை. தழும்பு, தழும்பு, வெறுமை. கண் ஏமாற்றும், விரல் ஏமாற்றாது என்பார். போன வருட உறைபனியில் கருகி, இரண்டு மொட்டுக் கண் மட்டும் விட்டு அடியோடு வெட்டிய கொடிகள் நாற்பது ஐம்பது இருந்தன. அவற்றில் படிக்கக் கணுவே கிடையாது. அவற்றை அடி தோண்டித்தான் பார்க்க வேண்டும். குளிரில் விரல்கள் மரத்துப்போகும். ஒன்பது மணிக்கு ஆட்டுப் பாலாடைக்கட்டியும் ரொட்டியும் நின்றபடியே தின்போம். எதிர்ச் சரிவிலிருந்து யாராவது கை காட்டினால் உடனே மிலாறை எடுத்து எதையாவது கட்டுவோம். பிடுங்கிய குழியில் அதே நாளில் ஒட்டுக் கன்று நட்டோம். ஏப்ரலில் செத்த கொடிக்குப் பதில் கன்று நடுவது எல்லோரும் செய்வது. யாரும் கேட்க முடியாது. பிடுங்கியதைக் கத்தரித்த குச்சிகளோடு சேர்த்து அங்கேயே எரித்தோம்.

ஐந்தாம் நாள் ஒன்பது கிடைத்திருந்தது. அன்று ஒனெஸிம் தன் நிலத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நொண்டி நொண்டி மேலே வந்தார்.

"என்ன பெர்ரஷோன் அம்மா, நிறையக் கன்னு நடுறே போல?"

"செத்துப்போச்சு. நடுறேன்."

"எத்தனை செத்துச்சு?"

"உனக்கு எத்தனை செத்துச்சு?"

"எனக்கு டிசம்பர்லயே செத்துப்போச்சு. எல்லாம்" என்று சிரித்தார். "குளோடியஸ் உசிரோட இருந்திருந்தா வழி காட்டியிருப்பான். என்ன பண்றது. நீ எனக்கு வித்திருந்தா இந்தத் தலைவலி எனக்கு வந்திருக்கும்."

"தலைவலியாவது உனக்கு வரட்டும், ஒனெஸிம். கால் வலி மட்டும் வச்சிக்கிட்டு எத்தனை காலம்தான் இருப்பே?"

அவர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். எர்மான்ஸ் சிரிக்கவில்லை. "அவனுக்குத் தெரியும், பொண்ணே. எங்கெங்கேன்னு அவனுக்குத் தெரியும்" என்றார்.

இருபதாம் தேதி மத்தியானத்துக்குள் பதினொன்று. கடைசி வரிசை, எல்லைக் கல்லை ஒட்டியது, என்னுடைய பங்கு. கடைசி மூன்று நாளாக வெயில் வந்திருந்தது. மொட்டுகள் உப்பத் தொடங்கியிருந்தன. வரிசையின் மேல் நுனியில், நிலத்தில் பொறுக்கிப் போட்ட கற்குவியலிலிருந்து சரிந்த கற்களுக்கு நடுவில், அடியோடு வெட்டிய ஒரு கொடி நின்றது. கீழ்க் கல்லைப் பார்த்தேன், மேல் கல்லைப் பார்த்தேன். என் கண்ணுக்கு அது கோட்டுக்கு அந்தப் பக்கம், ஒனெஸிம் பக்கம் நிற்பதாகப் பட்டது. குளோடியஸ் நட்ட கதையை நான் முதல் நாளே கேட்டவள். ஆனாலும் அப்போது அது என் நினைவில் வரவில்லை. அடுத்தவர் நிலத்துக் கொடியின் அடியை எப்படித் தோண்டுவது என்று தயங்கினேன். கேட்கலாம் என்று திரும்பினேன். எர்மான்ஸ் தூரத்தில் இரண்டாம் முறையாக முதல் வரிசையைத் தடவிக்கொண்டிருந்தார். கூப்பிட்டுக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"அங்க ஒண்ணும் இல்லியே?" என்று மாலையில் கேட்டார்.

"இல்ல" என்றேன்.

"யூதாஸ்தான் பாக்கி" என்றார். அன்று அவர் ரொட்டியைக்கூடத் தொடவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மூன்று பேரும் வந்தார்கள். விவசாய இஞ்சினியர் ஒருவர், ஒல்லியாக, மூக்குக்கண்ணாடி போட்டவர். ஒயின் தரகர் ஒருவர், நல்ல பருமன், ஏறும்போதே மூச்சு வாங்கியது. தோல் பையில் வரைபடமும் அளவுக் கயிறும் வைத்திருந்த நில அளவைக்காரர். ஊராட்சி சார்பில் வழிகாட்டியாக அவர்களுடன் வந்தவர் ஒனெஸிம். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டிருந்தார்.

ஓநாய்ப்பாறைக்கு வர பத்து மணி ஆயிற்று. எர்மான்ஸ் வரிசைத் தலைப்பில் நின்றிருந்தார். நான் இரண்டடி பின்னால், மிலாறுக் கட்டோடு.

இஞ்சினியர் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து நசுக்கினார். நாக்கில் வைத்துப் பார்த்தார். "நல்ல மண்ணு, மதாம்" என்றார். வரிசைக்குள் நடந்தார். நின்று நின்று மொட்டுகளைப் பார்த்தார். புதிய கன்றுகளைப் பார்த்தார்.

"நிறையப் புதுசு நட்டிருக்கீங்க."

"போன வருஷப் பனி, முசியே."

"பதினொண்ணு" என்றார் தரகர். எண்ணியிருக்கிறார்.

"பனி எண்ணிட்டு வராது, முசியே" என்றார் எர்மான்ஸ். தரகர் சிரித்துவிட்டார். இஞ்சினியரும் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். அந்த ஒரு நிமிடம் எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

"அந்த மேல் மூலையையும் பார்த்துட்டா நல்லது, ஐயா" என்றார் ஒனெஸிம். குரல் ரொம்பப் பணிவாக இருந்தது. "கற்குவியல் பக்கத்துல. எதையும் விட்டுட்டோம்னு பேர் வரக்கூடாது பாருங்க."

எர்மான்ஸின் கழுத்து நரம்பு எழும்பியதைப் பின்னாலிருந்து பார்த்தேன். குளோடியஸ் நட்ட அந்த மூலைக் கொடி அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

மேலே போனோம். வெயில் நேராக விழும் மூலை அது. கொடியின் இரண்டு கண்ணும் அன்று காலைதான் திறந்திருக்க வேண்டும். வெள்ளைக் கம்பளிபோல் ரோமம், ஓரத்தில் ரோஜா நிறம். பக்கத்துக் கொடிகளின் மொட்டுக்கும் அதற்கும் குழந்தைகூட வித்தியாசம் சொல்லிவிடும். இஞ்சினியர் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றினார். அடியிலிருந்த கற்களைத் தானே எடுத்துப் போட்டு மண்ணைக் கிளறினார். வீக்கம் இல்லை.

"நோவா" என்றார்.

தரகர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு மனசு கஷ்டமாத்தான் இருக்கு" என்றார் ஒனெஸிம். "பக்கத்து வீட்டுக்காரி. விதவை. ஆனா கையெழுத்துன்னா கையெழுத்துதானே?"

"யாரோட கொடி இது?" என்று கேட்டார் இஞ்சினியர். கேட்டது அளவைக்காரரை.

அளவைக்காரர் வரைபடத்தை விரித்தார். கீழ்க் கல்லைத் தேடிக் கண்ணை இடுக்கினார். மேல் கல்லின் பக்கத்தில் வந்து நின்று ஒரு கண்ணை மூடினார். பிறகு கயிற்றின் ஒரு நுனியை என்னிடம் கொடுத்து, "கீழ்க் கல்லுல பிடிம்மா" என்றார். நான் ஓடினேன். அவர் மேலே இழுத்துப் பிடித்தார். கயிறு விறைத்து நின்றது.

கீழேயிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. கொடி கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றது. ஒரு முழம் இருக்கும்.

"கல்லுப்படி பார்த்தா இது உங்களுது, முசியே துபோஸ்" என்று அளவைக்காரர் சொன்னது கீழே வரை கேட்டது.

நான் கயிற்றைக் கல்லில் சுற்றிவிட்டு மேலே ஏறி வந்தேன். ஒனெஸிமின் முகம் சுண்ணாம்பாக இருந்தது.

"என்னுதா? அது... அது எப்பவும் குளோடியஸ் வெட்டுற கொடி! ஊரைக் கேளுங்க. நட்டதே அவன்தான்."

"உங்க நிலத்துலயா நட்டாரு? நீங்க சும்மா இருந்தீங்களா?"

"இவ தோட்டத்துல பன்னிரண்டு இருந்துச்சு, ஐயா! பதினொண்ணைப் பிடுங்கிட்டா! எனக்குத் தெரியும்!"

"எப்படித் தெரியும்?" என்றார் இஞ்சினியர்.

ஒரே கட்டிலிருந்து பிரித்துத் தானும் பாதி நட்ட கதையை ஒனெஸிமால் சொல்ல முடியாது.

"கல்லு... மழையில அப்படி இப்படி நகர்ந்திருக்கும்" என்றார் கடைசியில்.

அளவைக்காரர் கல்லைக் காலால் ஒரு தள்ளு தள்ளினார். அது அசையவில்லை. "மழையில நகர்ற கல்லு இல்ல இது. வரைபடத்தைப் பார்த்தும் சொல்ல முடியாது. காகிதத்துல ரெண்டடிங்கிறது பென்சில் கோட்டு அகலம்தான். ஆனா சந்தேகம்னா வழி இருக்கு. அடியில சாட்சி இருக்கும். ஓட்டுத்துண்டு. கல்லு நேரா அதுமேல இருந்தா சரி. இல்லன்னா யாரோ நகர்த்தியிருக்காங்க, அது போலீஸ் சமாசாரம்." பையிலிருந்து சின்ன மண்வெட்டியை எடுத்தார். "ரெண்டு பேருல ஒருத்தர் கேட்டாப் போதும். கோடு போடுற எங்க கமிஷனுக்கு அந்த அதிகாரம் இருக்கு. தோண்டவா?"

இருபத்தொரு வருடம் எர்மான்ஸ் காத்திருந்த கேள்வி அது. மண்வெட்டியோடு அளவைக்காரர், கோர்ட் செலவு இல்லாமல், மூன்று சாட்சிகளோடு, பட்டப்பகலில். தோண்டினால் ஓட்டுத்துண்டு இரண்டடி தள்ளிக் கிடைக்கும். ஒனெஸிம் திருடன் என்று ஊருக்குத் தெரியும். இரண்டடி நிலம் திரும்பி வரும். அதோடு அந்தக் கொடியும் வரும்.

ஒனெஸிம் கேட்கவில்லை. கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். அவர் எர்மான்ஸைப் பார்த்த பார்வையில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. வேண்டாம் என்று சொல் என்றா, வேண்டும் என்று சொல் என்றா. அவருக்கே தெரிந்திருக்காது.

"மதாம்?" என்றார் அளவைக்காரர்.

எர்மான்ஸ் கல்லைப் பார்த்தார். பாசி பிடித்த பக்கம் இப்போதும் கிழக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த இருபத்தொரு வருடத்தில் வடக்குப் பக்கமும் பாசி பிடித்துவிட்டிருந்தது. கட்டைவிரலால் கத்தரியின் பிடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கீழே ஊரில் கொல்லன் பட்டறைச் சத்தம் கேட்டது. ஏழு சம்மட்டி அடி எண்ணினேன்.

"தோண்ட வேண்டாம்" என்றார். "கல்லு சரியான இடத்துலதான் இருக்கு."

"அப்படியே எழுதிக்கவா? கையெழுத்துப் போடணும்."

"போடுறேன்."

போட்டார். இஞ்சினியர் நோட்டை வாங்கி, அவர் முகத்தை ஒரு முறை பார்த்தார். பதினொரு கன்றுகள் இருந்த பக்கமும் ஒரு முறை பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. ஒனெஸிமின் மேட்டு நிலத்துக்கு எதிரே ஒரு குறி போட்டுவிட்டு நோட்டை மூடினார்.

அவர்கள் போன பிறகு எர்மான்ஸ் வரிசை நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் போய் நின்றேன். நேற்று அந்தக் கொடியைப் பார்த்ததையும் கேட்கத் தயங்கியதையும் சொன்னேன். அடிப்பார் என்றுதான் நினைத்தேன்.

"கேட்டிருந்தா நேத்தே பிடுங்கியிருப்போம்" என்றார். மண்ணைக் கையால் நிரவிவிட்டு, "பிடுங்கியிருந்தா அவன் தப்பிச்சிருப்பான். என் ரெண்டடியும் என்கிட்ட இருந்திருக்கும்" என்றார்.

"நிலம்தான் அவன்கிட்ட இருக்கே" என்றேன்.

"நிலம் அவன்கிட்டதான் இருந்துச்சு. ஆனா அது என்னுதுன்னு எனக்குத் தெரியும்ல. இப்ப நானே எழுதிக் கொடுத்துட்டேன்."

ஜூன் மாதம் வரைபடம் மேயர் அலுவலகச் சுவரில் வந்தது. ஊரைச் சுற்றிச் சிவப்புக் கோடு. ஓநாய்ப்பாறை உள்ளே. அதை ஒட்டி ஒரு சின்னச் சதுரம் மட்டும் வெளியே, வாயில் ஒரு பல் விழுந்த மாதிரி. ஒனெஸிமின் கீழ் நிலங்களெல்லாம் கோட்டுக்குள் இருந்ததால் அவருக்குச் சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் அந்தச் சதுரத்தைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் அது யாருடையது என்று கேட்டார்கள்.

அறுவடை முடிந்து முதல் லேபிள்கள் அச்சாகி வந்த நாள் எர்மான்ஸ் தன் பங்கை வாங்க மேயர் அலுவலகத்துக்கு வந்தார். நான் அங்கே கூலிக்குத் தரை கழுவிக்கொண்டிருந்தேன். ஒனெஸிமும் அங்கே இருந்தார். தன் கீழ் நிலத்து லேபிள்களைக் கையில் வைத்திருந்தார். ஏப்ரலுக்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

அவர்தான் முதலில் பேசினார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அந்த ரெண்டடி... நீயே எடுத்துக்க, எர்மான்ஸ். கல்லைப் பழைய இடத்துக்கே வச்சிடலாம். நோட்டரிகிட்ட நானே சொல்றேன்."

எர்மான்ஸ் லேபிள் கட்டைப் பிரித்து மேல் தாளை எடுத்தார். வெர்நோல் என்று பெரிதாகவும், கீழே ஓநாய்ப்பாறை என்று சிறிதாகவும் இருந்தது. மை காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எனக்கெதுக்கு?" என்றார். "அது பேரில்லாத நிலம்."

கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே போனார். போகிற வழியில் வாசல் சுவரில் தொங்கிய கொடியில் ஒரு காய்ந்த நுனியைப் பார்த்து நின்றார். இடுப்பில் கத்தரி இருந்தது. அன்று அவர் அதை வெட்டவில்லை.